தனுஷ்கோடியில் விடியற்காலை ஷூட்: முகத்துக்கு வெளிச்சம் எப்படிக் கொடுப்பது?

வணக்கம் நண்பர்களே. ஆறு வருடமாக என் தோழியைத்தான் அதிகம் படம் எடுக்கிறேன். எந்தச் சேலை, எந்தப் பக்கம் திரும்புவது என்று பாதி யோசனை அவளுடையதுதான். போன மாதம் தனுஷ்கோடியில், 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் முன் எடுத்தோம். பின்னால் பளிச்சென்ற வானம் இருந்ததால் முகம் இருண்டுவிட்டது. ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் கேமரா அளக்கும் முறை) முகத்தை அளந்தால் வானம் வெளிறிப்போகிறது. சரி என்று முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட தெர்மாகோல் பிடித்தோம். கடல்காற்றில் இரண்டாக முறிந்தது. எடிட்டிங்கில் அவள் முகத்தை வெளுக்க வைக்க எனக்கு மனமே இல்லை. அந்தக் கருப்பு நிறமும் கன்னத்தில் வரும் தாமிர மினுமினுப்பும் அப்படியே வேண்டும். அடுத்த மாதம் மறுபடி போகிறோம். சின்ன ஃப்ளாஷ் போதுமா, வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ் வேண்டுமா? அந்தக் காற்றில் ஸ்டாண்ட் நிற்குமா? அங்கே எடுத்தவர்கள் சொல்லுங்கள்.