புதுப்பிப்பு: காலையில் மட்டும் தோற்ற டெஸ்டுகள், பிடித்துவிட்டேன்

போன வாரம் புலம்பியது இதுதான்: கோயில் மண்டப முன்பதிவு செயலிக்கு பிளேரைட்டில் (பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவி) எழுதிய டெஸ்டுகள் சர்வரில் பாஸ், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் என் லேப்டாப்பில் காலையில் ஓட்டினால் மட்டும் 3 ஃபெயில், ஆபீஸ் போய் ஓட்டினால் எல்லாம் பச்சை. வைஃபை, கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) என்று எதையெல்லாமோ சந்தேகப்பட்டேன். "மணியைப் பாருங்க தம்பி" என்று ஒரு அண்ணன் சொன்னார், அதுதான் சரி.

தேதியை ஐஎஸ்ஓ வடிவத்துக்கு மாற்றும் ஜாவாஸ்கிரிப்ட் வரி யூடிசி (உலகப் பொது நேரம்) தேதியைத் தருகிறது. மலேசியாவில் நாம் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம், ஆகவே காலை 8 வரைக்கும் செயலிக்கு இன்னும் நேற்றுதான். சர்வர் யூடிசியிலேயே ஓடுவதால் அங்கே வித்தியாசமே தெரியவில்லை. அதாவது தப்பு டெஸ்டில் இல்லை, செயலியில்! காலை 7 மணிக்கு மண்டபம் பதிகிறவருக்கும் நேற்றைய தேதிதான் வந்திருக்கும்.

செயலியைத் திருத்திவிட்டு, பிளேரைட் கான்ஃபிக்கில் டைம்சோனைக் கோலாலம்பூர் என்று வைத்தேன். அது பிரவுசருக்கு மட்டும்தான், டெஸ்டை ஓட்டும் நோடுக்கு (ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நிரல்) டிஇசட் என்ற டைம்சோன் மாறியைத் தனியாகக் கொடுக்க வேண்டும், இதில் அரை நாள் போச்சு. அப்புறம் பிளேரைட்டின் கடிகார வசதியால் நேரத்தைக் காலை 7க்கு நிறுத்தி ஒரு டெஸ்ட் சேர்த்தேன்.

பழைய பிறந்த தேதிகளைக் கையாள்கிறவர்கள் கவனிக்கவும்: 1982க்கு முன் தீபகற்ப மலேசியாவில் நேரம் யூடிசியைவிட ஏழரை மணிதான் முன்னால். அந்த அரை மணி நேரத்தை நான் இன்னும் தொடவில்லை.