செந்தோசாவுக்குத் தனியாகப் போகிறேன், போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ஹட்டன்:
வருகிற மாதம் வேலை விஷயமாக நான்கு நாள் சிங்கப்பூர் போகிறேன். மூன்று நாள் பயிற்சி, நான்காவது நாள் முழுக்க எனக்குத்தான். செந்தோசாத் தீவில் இருக்கிற யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்று பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஆசை. அம்மாவிடம் சொன்னால், "அங்கெல்லாம் நாலு பேரோட போனாத்தான் நல்லா இருக்கும், தனியா போய் யாரோட பேசப் போற" என்கிறார். சிவனொளிபாத மலை ஏறுகிற சீசனுக்குக்கூட ஒரு வேன் நிறைய ஆள் சேர்த்துத்தானே மலையடிவாரத்து நல்லதண்ணி வரைக்கும் போவோம். அதனால் எனக்கும் கொஞ்சம் தயக்கம். தனியாகப் போனவர்கள் உங்களுக்கு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.

நுவரெலியா:
தங்கச்சி, யோசிக்காமல் போங்க. நான் போன வருஷம் தனியாகத்தான் போனேன், இன்னொரு தடவை கிடைத்தாலும் தனியாகவே போவேன்.

முதல் காரணம் வரிசை. சிங்கிள் ரைடர் என்று தனி ஆட்களுக்கு வேறு ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, பேட்டில்ஸ்டார் கலக்டிகா ஆகிய பெரிய சவாரிகள் மூன்றுக்கும் அது இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வண்டியில் ஒரு வரிக்கு நான்கு இருக்கை. அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்று பேர் ஏறினால் ஓர் இடம் மிஞ்சும் இல்லையா, அந்த இடத்துக்குத் தனியாக நிற்கிறவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். பொது வரிசைப் பலகையில் 70 நிமிஷம் என்று போட்டிருந்த நேரத்தில் நான் கால் மணித்தியாலத்துக்குள் உள்ளே போய்விட்டேன். இதற்குத் தனியாகக் காசும் இல்லை. வரிசையைத் தாண்டிப் போக எக்ஸ்பிரஸ் பாஸ் என்று ஒன்று விற்பார்கள், அதற்கு நிறையக் காசு, தனி ஆளுக்கு அது தேவையே இல்லை. ஆனால் சிங்கிள் ரைடர் வழியை எந்த நேரமும் திறந்து வைக்க மாட்டார்கள், வாசலில் நிற்கிற பணியாளரிடம் ஒவ்வொரு தடவையும் கேளுங்கள்.

கஷ்டம் என்றால் பைதான். கூட வந்தவரிடம் கொடுத்துவிட்டு ஏற வழியில்லை. பேட்டில்ஸ்டாரில் இரண்டு தடங்கள், சிவப்பில் சாதாரணமாக உட்கார்ந்து போகலாம், நீலத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தலைகீழாகச் சுற்ற வேண்டும். பையோ போனோ எதுவும் கொண்டுபோக விட மாட்டார்கள். பக்கத்திலேயே லொக்கர் இருக்கிறது, குறித்த நேரம் வரை இலவசம், அதைத் தாண்டினால் காசு. சின்னப் பையாக ஒன்று போதும்: தண்ணீர்ப் போத்தல், பவர் பேங்க், மாற்றுச் சட்டை, ஒரு துவாய். நமக்கு நடக்கிறதில் பிரச்சினை இல்லை, சிவனொளிபாத மலையில் 5,500 படி ஏறி இறங்கிய கால்கள். வெயில்தான் ஆளைச் சாய்க்கும். நுவரெலியாவில் மத்தியானம்கூட ஸ்வெட்டர் போடுகிற உடம்புக்கு அந்த 31, 32 பாகைப் புழுக்கம் சரிப்படவில்லை, பதினொரு மணிக்கே தலை சுற்றியது. காலையில் திறக்கிறபோதே போய் வெளியில் ஓடுகிறவற்றை முடித்துவிட்டு, உச்சி வெயிலில் மம்மி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் மாதிரி கூரைக்குள்ளே இருக்கிறவற்றுக்குப் போங்க.

அப்புறம் அம்மா கேட்ட கேள்வி. ஜுராசிக் பார்க் பகுதியில் ஆற்றில் போகிற மாதிரி ஒரு சவாரி. வட்டமான தோணி, எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். எனக்கு எதிரில் ஒரு வயசான அம்மா, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். பேசுவது தமிழ் என்று கேட்டதும் நான் சிரித்தேன். "எந்த ஊரும்மா, தனியாவா வந்த?" என்றார். இலங்கை, நுவரெலியாப் பக்கம் என்றேன். "தேயிலைத் தோட்டமா?" என்று உடனே கேட்டார். அவர் மலேசியாவில் பேராக்கில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராம். "நாங்க பால்மரம் வெட்டினவங்கம்மா. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு நிக்கணும்" என்றார்.

பெரட்டு! காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கத் தோட்டத்து ஆட்கள் கூடி நிற்கிறதுதான் அது. அந்தச் சொல்லை நம் தோட்டத்து ஆட்களைத் தவிர வேறு யார் வாயிலும் நான் கேட்டதில்லை. என் அம்மாயி கொழுந்துக்கூடையை எடுத்துக்கொண்டு "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று ஓடுவார். தமிழ்நாட்டின் ஒரே ஊர்களிலிருந்து ஒரு கூட்டத்தை இலங்கைப் பக்கமும் ஒரு கூட்டத்தை மலாயாப் பக்கமும் வெள்ளைக்காரன் கப்பலேற்றினான் என்று படித்திருக்கிறேன், ஆனால் அந்த ஒரு சொல்லைக் கேட்டபோதுதான் அது எனக்கு உறைத்தது. பேசி முடிக்கவில்லை, தோணி மேலே ஏறிக் கீழே விழுந்தது, எல்லோரும் தொப்பலாக நனைந்துவிட்டோம். இறங்கியதும் அந்த அம்மா பையிலிருந்து துவாயை எடுத்து, பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் முதலில் என் தலையைத் துவட்டினார். நாலு பேரோடு போயிருந்தால் நான் அவரோடு பேசியே இருக்க மாட்டேன்.

பண்டாரவளை:
அக்கா சொன்னது சரி. நான் பட்டதையும் சொல்கிறேன். டிக்கெட்டில் திகதி குறித்திருக்கும், அந்த நாளில்தான் போகலாம். நான் இங்கே ஒரு ஏஜென்ட்டிடம் சொல்லி எடுத்தேன், அவர் அடுத்த நாள் திகதியில் எடுத்துவிட்டார், நானும் சரிபார்க்கவில்லை, வாசலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் எனக்கு விமானம். கடைசியில் புதுசாக இன்னொரு டிக்கெட் வாங்கினேன். கையில் வந்தவுடன் திகதியைப் பாருங்கள், பேப்பரிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், சார்ஜ் இறங்கினால் காட்ட ஏதாவது வேண்டும்.

நம் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை. ஆனால் போய் இறங்குகிறதுக்கு முந்தின மூன்று நாளுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்கிற சிங்கப்பூர் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கிற தளம் என்றால் மூடிவிடுங்கள்.

பின்னேரம் இடி மின்னல் வந்தால் வெளியே ஓடுகிற சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். மழைக்கோட்டு நம் ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.

ஹட்டன்:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தங்குவது லிட்டில் இந்தியாவில். இரவு தனியாகத் திரும்பி வருவது எப்படி?

நுவரெலியா:
லிட்டில் இந்தியாவிலிருந்து ஹார்பர்ஃபிரண்டுக்கு ஒரே ரயில், மாறவே தேவையில்லை, ஊதா நிற வழி. ரயில் நிலையத்தில் தமிழிலும் எழுதியிருப்பார்கள், எனக்கு அதைப் பார்த்ததும் பயம் பாதி போய்விட்டது. ஹார்பர்ஃபிரண்டில் இறங்கினால் விவோசிட்டி என்கிற கடைத்தொகுதி, அதன் மூன்றாவது தளத்தில் தீவுக்குப் போகிற செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில். தீவுக்குள் போகத்தான் காசு, வெளியே வர இல்லை. மூடுகிற நேரத்தில் அந்த ரயிலுக்கு பெரிய கூட்டம் நிற்கும், அப்போது கடல்மேல் போட்டிருக்கிற நடைபாதையால் நடந்து வந்துவிடுங்கள், நான் அப்படித்தான் வந்தேன், வழியெல்லாம் வெளிச்சம், குடும்பம் குடும்பமாக ஆட்கள் நடக்கிறார்கள். சாப்பாடு உள்ளே விலை கூட, இரவுச் சாப்பாட்டை லிட்டில் இந்தியாவுக்கே வந்து சாப்பிடுங்கள். வாசலில் சுற்றுகிற பெரிய உருண்டைக்கு முன்னால் படம் எடுக்க டிக்கெட் வேண்டாம், அதை வெளியே வரும்போது எடுத்தால் போதும். காலையில் அதற்காக நின்று நேரத்தை விடாதீங்க.