80-ஐத் தாண்டினால் பீப் அடிக்கிறது. நான் மெதுவாகப் போக வேண்டுமா, எல்லோரோடும் ஓட வேண்டுமா?

தாம்பரத்தான்:
மாதம் ஒருமுறை வெள்ளிக்கிழமை இரவு குடும்பத்தோடு காரில் திருச்சிக்குப் போவேன். 2021 மாடல் வண்டி. 80-ஐத் தாண்டினால் நிமிடத்துக்கு ஒருமுறை பீப் அடிக்கும். "அதுக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியலையா?" என்று பக்கத்து சீட்டிலிருந்து வேறு கேட்கும். ஆனால் 80-இல் போனால் பின்னால் வரும் ஆம்னி பஸ் லைட்டை அடித்து அடித்து உயிரை வாங்குகிறது. இதற்கிடையில் சென்னைக்குள் 74-இல் போனதற்கு 1,000 ரூபாய் சலான் வந்துவிட்டது. இரவு 11 மணி, காலி ரோடு! நான்குவழிச் சாலையில் எல்லோரும் 100-இல் போகும்போது நாமும் அதே வேகத்தில் போவதுதானே பாதுகாப்பு?

சட்டப்புள்ளி:
சலானைக் கட்டிவிடுங்கள். 2023 நவம்பரிலிருந்து சென்னையில் காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் 30. ரோடு காலியாக இருந்தாலும் சலுகை கிடையாது. பீப் வேறு கதை. 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் அது கட்டாயம். 120-ஐத் தாண்டினால் நிறுத்தாமல் கத்தும். அது அந்த ரோட்டின் லிமிட் அல்ல, லிமிட்டுக்குப் போர்டைப் பாருங்கள்.

பழைய லாரிக்காரன்:
தம்பி, 22 வருஷம் லாரி ஓட்டினேன், இப்போது ஆக்டிங் டிரைவர். போர்டையும் பீப்பையும் விடுங்கள். இரவில் உங்கள் லைட் எவ்வளவு தூரம் காட்டுகிறது?

விக்கிரவாண்டி தாண்டி ஒருநாள், கரும்பு வெட்டு நேரம், இரவு இரண்டு மணி. எதிர்ப்பக்கத்து வெளிச்சத்துக்காக டிம்மில் போட்டிருந்தேன். திடீரென்று முன்னால் ரோடே இல்லை, கறுப்பாக ஒரு சுவர். கரும்பு டிராக்டர். டெயில் லைட் கிடையாது. சிவப்பு ஸ்டிக்கர் இருந்திருக்கலாம், தோகை தொங்கி மூடிவிட்டது. ஐம்பதுக்குள் போனதால் வண்டி நின்றது. நின்ற பிறகு பார்த்தால், தோகை எங்கள் கண்ணாடியில் உரசிக்கொண்டிருக்கிறது. கிளீனர் பையன் பெரம்பலூர் வரை வாயே திறக்கவில்லை.

உங்கள் காருக்குக் கணக்குப் போடுங்கள். 80-இல் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். கால் பிரேக்குக்குப் போகவே அந்த ஒரு விநாடி ஆகும். பிறகு நல்ல டயர், காய்ந்த ரோடு என்றாலும் நிற்க இன்னும் 35 மீட்டர். மொத்தம் கிட்டத்தட்ட 57. அதுவே 100 என்றால் 80 மீட்டருக்கு மேல். டிம் லைட்டில் 40, 50 மீட்டர் தெரிந்தால் பெரிய விஷயம். அப்போது டிம்மில் 80-ஏ அதிகம், நீங்கள் 100-ஐப் பற்றிக் கேட்கிறீர்கள்.

பஸ்காரர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாது. லைட் அடித்தால் இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்கி விட்டுவிடுங்கள். அதில் என்ன கௌரவம்?

கோவை பைக்கர்:
அண்ணன் சொல்வது சரி. ஆனால் வலது லேனில் 70-இல் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு வழி விடாத கார்க்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எல்லோரும் இடப்பக்கமாக முந்துவதே அவர்களால்தான். இடது லேன் மட்டும் என்ன சுகம்? இருட்டில் நிறுத்திய லாரி, ஊர் வந்தால் ராங் சைடில் வரும் பைக்.

பழைய லாரிக்காரன்:
அதனால்தான் இடது லேனிலும் 60, 65 போதும் என்கிறேன். முந்த வேண்டும் என்றால் மட்டும் வலது, முந்தியதும் திரும்பி வந்துவிடணும். இன்னொன்று தம்பி, திண்டிவனத்திலிருந்து திருச்சி சுமார் 200 கிலோமீட்டர். 80-இல் இரண்டரை மணி நேரம், 100-இல் இரண்டு. அந்த அரை மணியிலும் பாதியை டோல்கேட்டும் டீக்கடையும் தின்றுவிடும்.

தாம்பரத்தான்:
அண்ணா, வீட்டில் படித்துக் காட்டினேன். கரும்புத் தோகை வந்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டாள். இனி வெள்ளி இரவு பயணம் ரத்து, சனி காலை விடிந்த பிறகுதான். சலானும் கட்டியாச்சு.