நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் இன்ஜின்: பார்த்தவர்கள், ஏறியவர்கள், வேலை செய்தவர்கள் பகிருங்கள்

கோயம்புத்தூர் (திரி தொடங்கியவர்)

ஊட்டி ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஜன்னலுக்கு வெளியே தெரிவதையே எழுதுகிறார்கள். பள்ளத்தாக்கு, குகைக்குள் குழந்தைகள் போடும் கூச்சல், இறங்கியதும் வாங்கும் வர்க்கி. எல்லாம் சரிதான். ஆனால் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று மொத்த ரயிலையும் மலைமேல் தள்ளிக்கொண்டு போகும் அந்த இன்ஜினைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காகத்தான் இந்தத் திரி.

முதலில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் ஓடத் தொடங்கியது 1899இல். ஊட்டிக்குப் போனது 1908இல். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம், ஊட்டி 2,203 மீட்டர். மொத்தம் 46 கிலோமீட்டர்தான், ஆனால் கல்லாறு தாண்டினால் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏற்றம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அந்த ஏற்றத்தைப் பிடித்து ஏறாது, வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த பட்டை இரண்டு, பக்கத்தில் பக்கமாகப் பதித்திருக்கிறார்கள். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த பட்டையில் பள்ளம் வரும். ஆக, இன்ஜினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் பிடியை விடுவதில்லை.

இதற்காகவே சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையில் செய்து அனுப்பியவைதான் எக்ஸ் வகுப்பு இன்ஜின்கள். முதல் வரிசை 1914 முதல் வந்தது. கடைசியாக 1952இல் ஐந்து வந்தன. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. கீழே இருப்பது சக்கரங்களை ஓட்டும். மேலே இருப்பது பல்சக்கரங்களை ஓட்டும். சமதளத்தில் மேல் சிலிண்டருக்கு வேலை இல்லை. ஏற்றம் வந்ததும், கீழ் சிலிண்டரில் வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கிக்கு விடாமல் மேல் சிலிண்டருக்குத் திருப்புகிறார்கள். ஒரே நீராவி இரண்டு முறை உழைக்கிறது.

கல்லாறு பழப்பண்ணைப் பக்கம் நின்று இதைக் கண்ணால் பார்க்கலாம். பல் தண்டவாளம் தொடங்கும் இடத்தில் ரயில் நடை வேகத்துக்கு இறங்கும். பட்டையின் முனை ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருப்பதால் பல்லும் பல்லும் முட்டாமல் மெல்லச் சேரும். அதுவரை அசையாமல் இருந்த மேல் தண்டுகள் அசையத் தொடங்கும், அதுவும் கீழே சக்கரம் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில். இடையில் கியர் இருப்பதால் அப்படி. அந்த நொடியிலேயே புகைபோக்கிச் சத்தமும் மாறிவிடும். அதைக் கேட்பதற்காகவே காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போய் நின்றிருக்கிறேன்.

சரி, உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையம்

என் தாய்மாமா இந்த ரயிலில் பிரேக்ஸ்மேன். இன்ஜின் பின்னால் இருப்பதால் டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது, இது பலருக்குத் தெரியாத விஷயம். முன்பெட்டியில் நிற்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார், அடுத்த பெட்டியில் இருப்பவர் அதைப் பார்த்துத் தன் கொடியைக் காட்டுவார், அப்படியே பெட்டி பெட்டியாக டிரைவர்வரை வந்து சேரும். பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் நிறுத்து. பாறை உருண்டு கிடக்கலாம், யானை நிற்கலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி பிரேக், தனி ஆள்.

மாமாவின் வலது உள்ளங்கையில் பிரேக் பிடித்துப் பிடித்துக் காய்ப்புக் காய்த்திருக்கும். கீழே இறங்கும்போதுதான் தங்களுக்கு உண்மையான வேலை என்பார். ஏறும்போது இன்ஜின் பாடு, இறங்கும்போது எங்கள் பாடு என்று சொல்வார். வீட்டுக்கு வந்தால் சட்டையில் கரியும் எண்ணெயும் கலந்த வாசனை இருக்கும். அத்தை அந்தச் சட்டைகளைத் தனியாகத்தான் துவைப்பார்.

பொன்மலை (ஓய்வு பெற்ற ஃபிட்டர்)

திரி தொடங்கிய தம்பி இயக்கத்தைச் சரியாகவே எழுதியிருக்கிறார். நான் உள்ளே கை வைத்தவன் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

மலையில் ஓடும் இன்ஜின் தினசரிப் பராமரிப்புக்குக் குன்னூர் ஷெட்டுக்குப் போகும். பெரிய வேலை என்றால் திருச்சிக்கு, பொன்மலைப் பணிமனைக்கு வரும். வந்ததும் முதலில் பார்ப்பது பல்சக்கரத்தைத்தான். பல்லின் முகத்தில் டெம்ப்ளேட் வைத்துப் பார்த்தால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளிச்சம் தெரியும் இடைவெளியே சொல்லிவிடும். ஏற்றத்தில் தள்ளும் முகம் ஒரு விதமாகத் தேயும், இறக்கத்தில் பிடிக்கும் முகம் வேறு விதமாகத் தேயும். ஒரு நல்ல ஃபிட்டர் விரலால் தடவியே இரண்டையும் வேறுபடுத்திச் சொல்வான்.

அப்புறம் பாய்லர். மலைத் தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்றாலும், எந்தத் தண்ணீரைக் காய்ச்சினாலும் உப்பு படியும். பாய்லருக்குள் சூடு போகும் டியூப்களை, அதாவது குழாய்களைக் கழற்றி, புதியதைச் செருகி, முனையை விரித்து இறுக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் கசியும், கொஞ்சம் கூடினால் தகடு வெடிப்பு விடும். பாய்லர் தகடுகளை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே போல்ட் ஒவ்வொன்றையும் சுத்தியால் தட்டிக் கேட்போம். நல்ல போல்ட் மணி போலக் கணீரென்று ஒலிக்கும், உடைந்தது மொத்தையாகச் சத்தம் தரும். எனக்குக் கற்றுக் கொடுத்த மேஸ்திரி, தட்டும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது என்பார்.

பழைய இன்ஜின்களுக்கு உதிரிபாகம் எங்கும் விற்பனைக்குக் கிடையாது. தேய்ந்ததை அளந்து, வரைபடத்தோடு ஒத்துப் பார்த்து, மாதிரி செய்து, வார்த்து, கடைந்து, நாங்களேதான் செய்தோம். இப்படிப் பல வருடம் பாகம் பாகமாகச் செய்த பழக்கம் இருந்ததால்தான் 2011இல் பொன்மலை ஒரு முழு எக்ஸ் இன்ஜினையே புதிதாகச் செய்து வெளியே விட முடிந்தது. 37396 அதன் எண். 2014க்குள் மேலும் மூன்று வந்தன. அவை எண்ணெயில் ஓடுபவை. பிறகு 2021 ஆகஸ்டில் நிலக்கரியில் ஓடும் 37400 வெளியே வந்தது. நான் அப்போது பணியில் இல்லை, ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சென்னை, பெரம்பூர்

ஐயா எழுதியது அருமை. ஆனாலும் ஒரு கேள்வி மனதில் இருக்கிறது. 2011இல் செய்த இன்ஜின் எப்படி ஐயா பழமை ஆகும்? யுனெஸ்கோ 2005இல் இந்த ரயிலுக்கு உலகப் பாரம்பரிய அங்கீகாரம் கொடுத்தபோது ஓடியது விண்டர்தூர் இன்ஜின்கள் அல்லவா?

எங்கள் பகுதிக் கதையையும் சொல்கிறேன். பெரம்பூர் லோகோ பணிமனையில் உயிர் கொடுத்த ‘எக்ஸ்பிரஸ்’ என்ற இன்ஜின், இ.ஐ.ஆர். (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) 21. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்து 1855இல் இந்தியாவுக்கு வந்தது. சின்ன இன்ஜின், நடுவில் ஒரே ஒரு ஜோடி பெரிய சக்கரம்தான் ஓட்டும். 1909இல் ஓய்வு கொடுத்து ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் நின்றே இருந்தது. பெரம்பூருக்கு வந்தபோது பல பாகங்கள் இல்லவே இல்லை. அவற்றைப் புதிதாகச் செய்து மாட்டி 2010இல் ஓட வைத்தார்கள். பிற்பாடு எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை அது ஓடியபோது நான் சேத்துப்பட்டு மேடையில் நின்றிருந்தேன். மின்சார ரயிலுக்குக் காத்திருந்த கூட்டம் முழுவதும் ஃபோனை இறக்கிவிட்டு ஒரு கணம் வெறும் கண்ணால் பார்த்தது. வேகம் அதிகம் இல்லை, ஆனால் 1855இல் செய்த சக்கரம் நம் முன்னால் சுற்றுகிறது என்பதே போதுமாக இருந்தது.

பொன்மலை (ஓய்வு பெற்ற ஃபிட்டர்)

பெரம்பூர்த் தம்பிக்கு. பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். காட்சிக்கு நின்ற நூறு வருடத்தில்தான் அந்த இன்ஜின் பாகங்களை இழந்தது. ஓடியிருந்தால் யாராவது தினமும் பார்த்திருப்பார்கள், ஒரு நட்டு காணாமல் போனாலும் அன்றே தெரிந்திருக்கும்.

எக்ஸ் இன்ஜினிலும் ஒன்று டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பெயின்ட் பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பார்த்து ஒரு இளம் ஃபிட்டரால் டியூப் விரிக்கக் கற்றுக்கொள்ள முடியாது. பழைய இன்ஜின்களிலேயே பாய்லர், சிலிண்டர், பல்சக்கரம் எல்லாம் எத்தனையோ தடவை மாறியவைதான். மலைமேல் வேலை செய்யும் வரை மாற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும். காப்பாற்ற வேண்டியது இரும்பை மட்டும் இல்லை, அதைச் செய்யத் தெரிந்த கையையும் சேர்த்து. புதிய இன்ஜின் செய்தபோது இருபது சொச்சம் வயதுப் பையன்கள் அதில் வேலை பார்த்தார்கள். இன்னும் முப்பது வருடத்துக்கு எனக்குக் கவலை இல்லை.

எண்ணெய்க்கு மாற்றியதில் எனக்கும் வருத்தம் உண்டு. நல்ல நிலக்கரி கிடைப்பது கஷ்டம், தீப்பொறி காட்டில் விழும் பயம், காரணங்கள் நியாயமானவை. ஆனாலும் ஃபயர்மேன் வேலை என்பது நெருப்பின் நிறத்தைப் பார்த்து எந்த மூலையில் எத்தனை கரி போட வேண்டும் என்று தெரிந்து போடுவது. வால்வைத் திருகுவதில் அது இல்லை. அதனால்தான் 37400 எனக்கு அவ்வளவு முக்கியம்.

குன்னூர்

2009 நவம்பர் மழையில் பாதை பல இடங்களில் சரிந்து, மாதக்கணக்கில் ரயில் இல்லாமல் இருந்ததே, அது யாருக்காவது நினைவிருக்கிறதா? எங்கள் வீடு ஸ்டேஷனுக்கு மேல் சரிவில். ஷெட்டில் காலையில் நெருப்புப் போட்டு நீராவி ஏற்றும் சத்தம் கேட்டுத்தான் நாங்கள் எழுவோம். அந்த மாதங்களில் ஊரே கடிகாரம் இல்லாமல் இருந்தது. திரும்ப ரயில் வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள்கூட ஸ்டேஷனுக்கு ஓடி வந்தார்கள்.

சூரிக்

வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணம், இப்போது சுவிஸில் இருக்கிறேன். பொன்மலை ஐயா எழுதியதை வாசித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

விண்டர்தூர் எங்கட வீட்டில் இருந்து ரயிலில் அரை மணித்தியாலம்கூட இல்லை. உங்கட எக்ஸ் இன்ஜினின் உறவுக்காரர்கள் இங்கே இன்னும் ஓடுகிறார்கள் தெரியுமோ? இங்கத்தைய ஃபுர்க்கா கணவாய் மலைப் பாதைக்கு 1913, 1914 காலத்தில் அதே தொழிற்சாலை செய்த இன்ஜின்கள். அதே பல் முறை, அதே நாலு சிலிண்டர். பாதைக்கு மின்சாரம் வந்த பிறகு 1947இல் நாலு இன்ஜினை வியட்நாமுக்கு, தாலாட் மலைப் பாதைக்கு விற்றுவிட்டார்கள். அங்கே யுத்தம், பாதை கைவிடப்பட்டது, இன்ஜின் எல்லாம் பற்றைக்குள் துருப்பிடித்துக் கிடந்தது. 1990இல் இங்கிருந்து தொண்டர்கள் போய், தேடிப் பிடித்து, கப்பலில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதில் இரண்டு இன்றைக்கு மலையில் ஓடுகிறது.

போன கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரேயால்ப் ஸ்டேஷனில் அந்த ஃபுர்க்கா ரயிலில் ஏறினேன். டிக்கட் பார்த்தவர், கரி போட்டவர் எல்லாரும் சம்பளம் வாங்காதவர்கள். வழியில் ஒரு பாலம் இருக்கிறது, பனிச்சரிவு அடித்துக்கொண்டு போகும் என்பதால் ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்னும் அதை மடித்து வைத்துவிடுவார்கள். கரி போட்ட பெரியவரிடம், இதே மாதிரி இன்ஜினை எங்கட ஆட்கள் இந்தியாவில் இன்னும் புதிதாகச் செய்கிறார்கள் என்று சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பொன்மலை என்ற பெயரைச் சொல்ல வராமல் திருச்சி, திருச்சி என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஐயா, அந்தக் குலுக்கல் உங்களுக்கு வந்து சேர வேண்டியது.

ஈரோடு

படித்துக்கொண்டே வந்தேன், மிகவும் நன்றி. அப்பாவுக்கு எழுபது வயது, சின்ன வயதில் ரயில்வேயில் கலாசியாக (உதவித் தொழிலாளியாக) இருந்தவர். அவரை இந்த ரயிலில் கூட்டிப் போக ஆசை. இன்ஜினைப் பக்கத்தில் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

கோயம்புத்தூர் (திரி தொடங்கியவர்)

கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள் அண்ணா. மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் ஏறுகிற ரயிலில் போங்கள், குன்னூர்–ஊட்டி மட்டும் வேண்டாம், அந்தப் பகுதிக்கு டீசல்தான். டிக்கட் மாதக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும், அதனால் இப்போதே போடுங்கள். முடிந்தால் கடைசிப் பெட்டி. இன்ஜின் அதற்கு அடுத்துத்தான், சத்தம் நேராகக் கேட்கும். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது அப்பாவை மெல்ல இறக்கிப் பின்பக்கம் நடத்திக் கூட்டிப் போங்கள், நேரம் இருக்கும். டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம், பையைக் குரங்குகளிடமிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். கலாசியாக இருந்தவர் என்று சொன்னால் டிரைவர் நிச்சயம் நாலு வார்த்தை பேசுவார். ஐப்பசி, கார்த்திகையில் போவதாக இருந்தால் மட்டும், மண்சரிவால் ரயில் நின்றிருக்கிறதா என்று முந்தின நாளே மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள்.