டெபியன் நிறுவும்போது ரூட் கடவுச்சொல் கொடுப்பதா, விடுவதா?

வியாசர்பாடி படிப்பகம்:
அனைவருக்கும் வணக்கம். மாலை நேரத்தில் நாங்கள் நடத்திவரும் சிறு படிப்பகத்துக்காக ரிச்சி தெருவில் பழைய கணினி ஒன்றை வாங்கி, அதில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொண்டிருக்கிறேன். கணினியில் எதையும் மாற்றக்கூடிய தலைமைக் கணக்கான ரூட்டின் கடவுச்சொல்லைக் கேட்கும் திரையில், அதை நிரப்பாமல் விட்டால் ரூட் கணக்கு முடக்கப்படும் என்றும், அடுத்து உருவாக்கும் பயனருக்கு சூடோ அனுமதி (தன் கடவுச்சொல்லைக் கொண்டே நிர்வாக வேலைகளைச் செய்யும் அனுமதி) கிடைக்கும் என்றும் எழுதியிருக்கிறது. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே கணக்கு போதுமா? இன்னொரு சிக்கலும் உண்டு. நேற்று ஒருமுறை நிறுவி முடித்தபோது, இரண்டு தடவையும் பிழையின்றித் தட்டச்சிட்ட அதே கடவுச்சொல்லை உள்நுழைவுத் திரை ஏற்கவே இல்லை. காரணம் தெரியாமல் மறுபடியும் தொடங்கியிருக்கிறேன்.

பெரம்பூர் வாசி:
ஐயா, ரூட் கடவுச்சொல்லை நிரப்பாமல் விடுங்கள். நினைவில் வைக்க வேண்டிய கடவுச்சொல் ஒன்று குறையும். நிர்வாக வேலை ஒவ்வொன்றுக்கும் சூடோ வழியாகவே போக வேண்டியிருப்பதால், யார் எப்போது என்ன செய்தார் என்பதும் பதிவாகும். ஆனால் நிறுவும்போது உருவாகும் அந்த முதல் பயனர்தான் நிர்வாகி என்பதால், அதில் பிள்ளைகளை ஒருபோதும் உட்கார வைக்காதீர்கள். நிறுவி முடித்த பிறகு, அமைப்புகளில் உள்ள பயனர்கள் பகுதிக்குச் சென்று, நிர்வாகி அனுமதி இல்லாத கணக்குகளை வகுப்புக்கு ஒன்றாக உருவாக்குங்கள். எல்லோருக்கும் ஒரே கணக்கு என்றால், ஒரு பிள்ளை எழுதி வைத்த கட்டுரையை இன்னொரு பிள்ளை தெரியாமல் அழித்துவிடும். அந்த அழுகையை நான் பார்த்திருக்கிறேன்.

கடவுச்சொல்லில் எண்கள் இருந்தனவா? விசைப்பலகையின் வலப்பக்க எண் விசைகளில் தட்டியிருந்தால், நிறுவும்போது எரிந்த நம்லாக் விளக்கு (அந்த விசைகள் எண்களாக வேலை செய்வதைக் காட்டுவது) உள்நுழைவுத் திரையில் அணைந்திருக்கக்கூடும். திரையில் வெறும் புள்ளிகள் தெரிவதால் எண் விழவில்லை என்பது கண்ணுக்குப் புலப்படாது.

அம்பத்தூர் நிர்வாகி:
முந்தைய பதிலில் ஒரு முக்கியமான விஷயம் விடுபட்டிருக்கிறது. ரூட் கணக்கை முடக்கிய டெபியனில், பிறகு ஏதாவது பழுதாகி மீட்பு முறையில் (பழுது பார்ப்பதற்கான தனித் தொடக்கத்தில்) திறக்க நேர்ந்தால், ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்ற செய்தியோடு கணினி அங்கேயே நின்றுவிடக்கூடும். இதனால் திகைத்துப்போய், தரவு அனைத்தையும் அழித்து மறுபடி நிறுவியவர்கள் உண்டு. அதற்குத் தேவையே இல்லை. நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவிலேயே மீட்பு முறை இருக்கிறது, அதன் வழியாக உள்ளே போய்க் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். ஆகவே, நிரப்பாமல் விடுவதை நானும் ஏற்கிறேன், ஆனால் அந்தப் பென்டிரைவை அழிக்காமல் பீரோவில் வைத்திருக்க வேண்டும்.

கொளத்தூர் ஆசிரியை:
கணினியைத் தொட முடிந்த எவரும் இப்படிக் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நன்கொடையாளர் பட்டியல், வரவு செலவுக் கணக்கு போன்றவை அதில் இருக்கப்போகிறது என்றால், நிறுவும்போதே வட்டு முழுவதையும், தனியாக ஒரு கடவுத்தொடர் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி, மறையாக்கம் செய்துகொள்ளுங்கள். அந்தக் கடவுத்தொடர் பயனர் கடவுச்சொல்லிலிருந்து வேறுபட்டது. அதை மறந்தால் எந்தப் பென்டிரைவும் தரவை மீட்டுத் தராது. மே மாதத்தில் மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு தடவையும் அதைத் தட்டச்சிட வேண்டியிருக்கும் என்பதால், பிள்ளைகள் மட்டும் பயன்படுத்தும் கணினிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கடவுச்சொல்லைப் பொறுத்தவரை, சின்னங்களைத் திணித்த எட்டு எழுத்தைவிட, தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்த நீண்ட தொடரே மேல். அதைத் தாளில் எழுதி, கணினி மேசைக்குத் தொலைவாகப் பூட்டி வையுங்கள்.

வியாசர்பாடி படிப்பகம்:
பெரம்பூர் நண்பர் சொன்னதுதான் காரணம். நம்லாக் விளக்கு அணைந்தே இருந்தது. மேல்வரிசை எண் விசைகளில் தட்டியதும் உள்ளே சென்றுவிட்டது. ரூட் கடவுச்சொல்லை நிரப்பாமல் விட்டு, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஐந்து கணக்குகளை உருவாக்கியிருக்கிறேன். நன்கொடைக் கணக்கு நோட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். பென்டிரைவும் நிர்வாகி கடவுச்சொல் எழுதிய தாளும் ஒரே உறையில் எங்கள் செயலாளரிடம் இருக்கின்றன. அனைவருக்கும் நன்றி.