மீன் மணம், கீரை, குழைந்த பருப்பு ஆகாத ஆளுக்குக் கிழமைக்கு 5,000 ரூபாய்க்குள் சாப்பாடு?

போடிங்வாசி06:
கொழும்பு வெள்ளவத்தையில் தனி அறை. ஒற்றைக் காஸ் அடுப்பு, ரைஸ் குக்கர், சின்னப் பிறிட்ஜ் இருக்கு. சாப்பாட்டுக்குக் கிழமைக்கு 5,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்கேலாது. மீன் மணம் ஆகாது. வெண்டிக்காய், கீரையின் வழுவழுப்பு ஆகாது. களியாய்க் குழைந்த பருப்பு தொண்டையால் இறங்காது. சோயா மீற் நனைஞ்ச மட்டை மாதிரி. கோழி, முட்டை, உருளைக்கிழங்கு, ரொட்டி என்றால் பிரச்சினையில்லை. ஆனால் கோழியும் கடைச்சோறுமாய்ப் போனால் புதன்கிழமையோடு காசு முடியுது. "பழகினால் சரிவரும்" என்ற பதில் வேண்டாம். எதை வாங்க, எப்படிச் சமைக்க என்று அளவோடு சொல்லுங்கோ.

அடுப்படிக்கணக்கு:
நீங்கள் எழுதினதைத் திரும்ப வாசியுங்கோ. ருசி பிடிக்காது என்று ஒன்றுமே இல்லை. ஒன்று மணம், மற்றதெல்லாம் பதம். இரண்டையும் சமையலில் மாற்றலாம்.

முதலில் புரதக் கணக்கு, காசு போறது அதில்தானே. 100 கிராம் காய்ந்த மைசூர்ப் பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம். காய்ந்த சோயாவில் 50 கிராமளவில். எலும்பில்லாத பச்சைக் கோழியில் 20 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஒரு முட்டையில் 6. கடை விலையை இந்த எண்களால் பிரித்துப் பாருங்கோ, ஏன் கோழியை மட்டும் நம்பேலாது என்று தெரியும்.

பருப்பை இனிச் சோறு வடிக்கிற மாதிரி வடியுங்கோ. 150 கிராமைக் கழுவி 20 நிமிடம் ஊறவிட்டு, ஒரு லீற்றர் கொதிதண்ணீரில் மஞ்சளோடு போடுங்கோ. 4 நிமிடத்தில் ஒரு பருப்பை எடுத்து நசித்துப் பாருங்கோ. விரலுக்கு நசியவேணும், ஆனால் உருவம் நிற்கவேணும். அந்த நேரமே வடிதட்டில் கொட்டவேணும். அடுப்பை நிப்பாட்டிவிட்டுச் சுடுதண்ணிக்குள் விட்டால் அது அவிஞ்சுகொண்டேதான் இருக்கும், 10 நிமிடத்தில் நீங்கள் வெறுக்கிற களிதான். பிரஷர் குக்கர் இதற்குச் சரிவராது. பிறகு சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், கடுகு, கறிவேப்பிலை தாளித்து, பருப்பைப் போட்டுக் கரண்டியால் கிண்டாமல் சட்டியைக் குலுக்குங்கோ. உப்பு கடைசியில். வடிச்ச தண்ணியை ஊத்தாதேங்கோ, சொதிக்கு நல்லது.

சோயா: பொதுவாக எல்லாரும் பைக்கற்றைச் சுடுதண்ணியில் ஊறப்போட்டு நேரே கறிக்குள் போடுகினம். பிழை அங்கேதான். உப்புத்தண்ணியில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, குளிர்தண்ணியில் கழுவி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிழிஞ்சு, திரும்பக் கழுவித் திரும்பப் பிழியவேணும். அவரை மணம் அந்தத் தண்ணியோடு போகும். பிழிஞ்சு வெறுமையான சோயாதான் குழம்பை உறிஞ்சும்; தண்ணி நிறைஞ்சது உறிஞ்சாது, அதுதான் உங்கட நனைஞ்ச மட்டை. அரைச் சோடா மூடியளவாகத் துண்டுபோட்டு, மிளகாய்த்தூள், உப்புப் பிரட்டி, கொஞ்ச எண்ணெயில் விளிம்பு சிவக்கும்வரை வாட்டிவிட்டு, கோழிக்குழம்பு கொதிக்கிற கடைசி 8 நிமிடத்தில் போடுங்கோ.

கொட்டாஞ்சேனை_மிளகு:
மேலே சொன்னதோடு ஒத்துப்போறன். மீனை மட்டும் விட்டுவிட்டியள், நான் சொல்லுறன்.

மணம் ஆகாதவருக்குப் பச்சைமீன் வேண்டாம், சின்ன அறையில் மணம் தலையணை வரைக்கும் வரும். நெத்தலிக் கருவாட்டில் 50 கிராம் எடுங்கோ. தலையையும் குடலையும் கிள்ளி எறிய வேணும், கசப்பும் பாதி மணமும் அதுக்குள்ளதான். இளஞ்சூட்டுத் தண்ணியில் இரண்டு தரம் அலசினால் போதும், ஊறவிட்டால் பொடியாகும். துணியில் ஒத்தி ஈரம் எடுத்துப் பொரித்தால் மொறுமொறு என்று வரும். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் தெறிக்கும், மீனும் சவசவ என்று நிற்கும். பொரித்தபின் வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ப் புளி. மீன் மணத்துக்குக் காரணமான பொருளைப் புளிப்பு கட்டிப்போடும். தேசிக்காயும் கொறுக்காய்ப்புளியும் நம்மட மீன்சமையலில் சும்மா இல்லை.

அடுத்தது டின் மீன் கட்லற். 425 கிராம் டின்னை நல்லா வடியவிடுங்கோ. முள் மெத்தென்று இருக்கும், எறியாமல் நசியுங்கோ, கல்சியம் அதிலதான். உருளைக்கிழங்கு 400 கிராமைத் தோலோடு முழுசாக அவித்து ஆறவைத்து மசியுங்கோ. வெட்டி அவித்தால் கிழங்கு தண்ணி குடிக்கும், கட்லற் எண்ணெயில் வெடிச்சுப் பிரியும். அவிச்ச கடலை (கொண்டைக்கடலை) ஒரு கை, மிளகுத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, தேசிக்காய்ப் புளி சேர்த்து உருட்டி, மா கரைசலில் தோய்த்து, காய்ந்த பாண் தூளில் பிரட்டி, ஒரு மணித்தியாலம் பிறிட்ஜில் வைத்துவிட்டுப் பொரியுங்கோ. மிளகைக் குறைக்காதேங்கோ, மீன் மணத்தை அமத்துவது அதுதான்.

போடிங்வாசி06:
நன்றி. கீரை, மரக்கறி? கோழியை எப்படி ஒரு கிழமைக்கு ஓட்டுறது? ஐஸ்பெட்டி சின்னது.

அடுப்படிக்கணக்கு:
கீரையைக் கறியாகச் சமைக்காமல் வறையாகச் செய்யுங்கோ. பொன்னாங்காணியோ கங்குனோ, கழுவி முற்றாக ஈரம் காயவிட்டு, நூல் மாதிரி அரியுங்கோ. சட்டி நல்லாச் சூடேறினபின் மூடாமல் 2 நிமிடம், பிறகு ஒரு கை தேங்காய்ப்பூவும் உப்பும், இறக்கியாச்சு. மூடினால் ஆவி தண்ணியாய் நின்று வழுவழுப்பு வரும், உப்பை முதலே போட்டாலும் அதே கதை. அதுவும் இறங்காவிட்டால் அரிஞ்ச கீரை ஒரு கையை முட்டையில் அடித்துப் பொரியுங்கோ, இல்லாவிட்டால் ரொட்டிமாவில் பிசையுங்கோ. வெண்டிக்காயை விட்டுத்தள்ளுங்கோ, அதில் மல்லுக்கட்ட ஒரு தேவையும் இல்லை. கரட், கோவா, போஞ்சி இருக்குதே.

கோழி: 1.2 கிலோ முழுக்கோழி, தோலில்லாமல். 16 துண்டாக வெட்டி, முதுகையும் கழுத்தையும் தனியாகத் தரச் சொல்லுங்கோ. உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிரட்டி, 150 கிராம் அளவில் பைகளில் தட்டையாகப் பரத்தி உறையவையுங்கோ. உருண்டையாய் வைத்தால் இடமும் போகும், உருகவும் அரைநாள் எடுக்கும். உருகினதைத் திரும்ப உறையவைக்க வேண்டாம். ஒரு பைக்கு 150 கிராம் கிழங்கும் ஒரு கோப்பை அவிச்ச கடலையும் சேர்த்தால் இரண்டு வேளைக்குக் கறி. குழம்பு ஒன்றுதான் என்பதால் நாக்கு முறைப்பாடு செய்யாது. முதுகு எலும்பை மிளகு போட்டு ஒரு மணித்தியாலம் அவித்தால் சூப்.

101_பஸ்:
வாங்கும் இடம் பற்றி. அரிசி, பருப்பு, கடலை, மிளகாய் எல்லாம் புறக்கோட்டை நாலாம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் மலிவு. ஆனால் 100 அல்லது 101 பஸ்ஸில் போய்வரும் காசை விலை வித்தியாசத்திலிருந்து கழியுங்கள். ஒரு கிலோ வாங்கப் போனால் நட்டம். மாதத்துக்கு ஒரு தரம் பருப்பு 2 கிலோ, கடலை 1 கிலோ, சோயா என்று சேர்த்து வாங்கினால் மட்டும் பிரயோசனம். அரிசியை மூட்டையாய் வாங்காதீர்கள், கொழும்புப் புழுக்கத்தில் வண்டு பிடிக்கும். மரக்கறிக்குப் பஸ் ஏறவே வேண்டாம். வெள்ளவத்தை மார்க்கட்டில் பொழுதுபடும் நேரத்தில் மிஞ்சினதை மலிவாகத் தள்ளுவார்கள், வாடாத கோவாவும் கரட்டும் அந்த நேரத்தில் தேடலாம். போயா (பௌர்ணமி) நாளில் இறைச்சிக்கடை பூட்டு, முதல்நாளே கோழி வாங்கிவிடுங்கள்.

ஒருவருக்குக் கிழமை அளவு: அரிசி 2 கிலோ, பருப்பு 500 கிராம், கடலை 250 கிராம், முட்டை 10, மேலே சொன்ன கோழி ஒன்று, சோயா 90 கிராம் ஒன்று, தேங்காய் 2, கிழங்கு 1 கிலோ, மற்ற மரக்கறி ஒன்றரைக் கிலோ, மா 1 கிலோ. டின் மீனோ நெத்தலியோ அந்தக் கிழமைக்கு ஒன்று மட்டும்.

போடிங்வாசி06:
சோற்றை இரவில் மொத்தமாய் ஆக்கி மற்றநாள் மத்தியானம் சாப்பிடலாமா? சிவப்பரிசி கலந்தால் பச்சையாய் நிக்குது, அது ஏன்?

கொட்டாஞ்சேனை_மிளகு:
குக்கரில் சூடு காக்கிற 'வோர்ம்' போட்டு இரவெல்லாம் வைக்காதேங்கோ, வெளியிலும் வைக்காதேங்கோ. அகலத் தட்டில் பரத்தி ஆறவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் பிறிட்ஜுக்குள் போகவேணும். வெளியில் நின்ற சோற்றில் கிருமி விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சிவப்புப் பச்சையரிசிக்குத் தவிடு இருக்கிறதால் வெள்ளையை விட நேரம் வேணும். அதை மட்டும் தனியாக ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, பிறகு வெள்ளையோடு சேருங்கோ. நாலுக்கு ஒரு பங்கு, அதுக்கு மேல் இப்ப வேண்டாம். சிவப்பரிசிக் கோப்பைக்கு அரைக் கோப்பை தண்ணி கூட.