வங்கிப் புத்தகங்களோடு மல்லுக்கட்டிய அனுபவம்

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. செய்யும் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மத்திய வங்கி வட்டியை ஏற்றியது, இறக்கியது என்று செய்தி வரும்போதெல்லாம் சும்மா தலையாட்டுவது அலுத்துப்போய்த்தான் பொருளாதாரப் புத்தகங்கள் பக்கம் வந்தேன். விலை, வேலையின்மை, பணவீக்கம் பற்றிய அத்தியாயங்கள் தடங்கலில்லாமல் போயின. வங்கி பற்றிய அத்தியாயம்தான் பாடாய்ப் படுத்தியது. வரி வரியாகப் படித்தால் புரியும். பக்கத்தைப் புரட்டினால் ஒன்றும் மனதில் நிற்காது.

கைகொடுத்தது பென்சில்தான். ‘வங்கி’ என்று எங்கே வந்தாலும் ஓரத்தில் நடுக்கோடு கிழித்து, ஒரு பக்கம் வங்கியின் சொத்து, மறுபக்கம் அதன் பொறுப்பு என்று எழுதிப் பார்ப்பேன். நாம் போட்ட டெபாசிட் நமக்குச் சொத்து, வங்கிக்கோ திருப்பித் தர வேண்டிய கடன். நாம் வாங்கிய கடன் நமக்குச் சுமை, வங்கிக்குச் சொத்து. அப்புறம் மூலதனம். ‘வங்கிகள் போதிய மூலதனம் வைத்திருக்க வேண்டும்’ என்று படித்தால் பெட்டகத்தில் பூட்டிவைத்த ரொக்கம்தான் கண்முன் வரும். கோடு கிழித்தால், அது பொறுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது! வங்கி கொடுத்திருக்கும் கடன் 100, அதில் டெபாசிட்தாரர் பணம் 92, பங்குதாரர் பணம், அதாவது மூலதனம், 8 என்று வையுங்கள். வாராக்கடன் 5 என்றால் அடி பங்குதாரருக்கு; 8 என்பது 3 ஆகும், டெபாசிட்டுக்கு ஒன்றுமில்லை. வாராக்கடன் 10 என்றால்? பங்குதாரர் பணம் மொத்தமும் காலி, டெபாசிட்டிலும் 2 துண்டு விழும். வங்கிகளுக்கான பன்னாட்டு விதியான 1988 பேசல் உடன்பாட்டில் மூலதனம் 8 சதவீதம் வேண்டும் என்றார்களே (சொத்தின் இடர் அளவைப் பொறுத்துக் கணக்கிடுவார்கள், அது தனிக் கதை), அது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

புத்தகங்கள் ஒன்றோடொன்று மோதும்போதுதான் நம்மைப் போன்றவர்களுக்குத் திண்டாட்டம். பல பாடப்புத்தகங்களில் வங்கி முதலில் டெபாசிட் வாங்கும், ஒரு பங்கைக் கையிருப்பாக வைக்கும், மீதியைக் கடன் கொடுக்கும். பிரிட்டனின் மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து 2014-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதைத் தலைகீழாக்குகிறது: கடன் கொடுக்கும்போதே கடனாளியின் கணக்கில் டெபாசிட் பிறந்துவிடுகிறது. யாரை நம்புவது? மறுபடி நடுக்கோடு. சொத்துப் பக்கம் கடன் 100, பொறுப்புப் பக்கம் டெபாசிட் 100. இரண்டையும் ஒரே நேரத்தில் எழுத முடிகிறது. வேறு யார் கணக்கிலும் கைவைக்கவில்லை. அப்படியென்றால் வங்கி இஷ்டத்துக்குப் பணம் உண்டாக்கலாமா? முடியாது, லாபம் வர வேண்டும், ஒழுங்குமுறை விதிகள் உண்டு, மத்திய வங்கியின் வட்டி வேறு கடிவாளம் போடும் என்று அதே கட்டுரை சொல்கிறது. அதைப் பாதியில் மூடிவைத்தவர்கள்தான் ‘வங்கிகள் மறைக்கும் ரகசியம்’ என்று காணொளி போடுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

*

உங்கள் நடுக்கோட்டை நானும் முயன்று பார்க்கிறேன். எனக்கு இடித்தது வேறு இடம். கணிதம் படித்தவள் நான். விலை மாறினால் வாங்கும் அளவு மாறும் என்று சொல்லிவிட்டு, தேவை-அளிப்பு வரைபடத்தில் விலையைச் செங்குத்து அச்சில் போடுகிறார்கள். நாங்கள் பழகியது இதற்கு நேர்மாறு: மாற்றத்துக்குக் காரணமானது கிடை அச்சில்தான் வரும். பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-ல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு அப்படியே வேரூன்றிவிட்ட வழக்கம் என்று தெரிந்ததும் எரிச்சல் அடங்கியது. இப்போது படத்தை மனதுக்குள் திருப்பிப் போட்டுப் படிக்கிறேன், அவ்வளவுதான்.

*

நான் உங்கள் இருவருக்கும் எதிர்க்கட்சி. பாடப்புத்தகம் எனக்கு ஒத்துவராது, நெருக்கடிகளிலிருந்துதான் தொடங்குவேன். வால்டர் பேஜட் 1873-ல் எழுதிய ‘லம்பார்டு ஸ்ட்ரீட்’ பழைய புத்தகம்தான், ஆனால் எழுதியவர் பத்திரிகை ஆசிரியர் என்பதால் வெளியாள் தாராளமாக உள்ளே போகலாம். 1866-ல் லண்டனில் ஓவரெண்ட் கர்னி என்ற நிதி நிறுவனம் கவிழ்ந்த பீதி அதன் பின்னணி. பீதி நேரத்தில் மத்திய வங்கி கையை மூடக்கூடாது; நல்ல ஈடு இருந்தால் தாராளமாகக் கடன் கொடு, ஆனால் வட்டியை உயர்த்தி வாங்கு என்கிறார். இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

சூத்திரம் வந்தால் தாண்டிப் போவது என் வழக்கம். திரும்பி வரவைத்தது கடன் பத்திரக் கணக்கு மட்டும்தான். 100 முகமதிப்புள்ள பத்திரம் ஆண்டுக்கு 5 தருகிறது. வெளியே வட்டி ஏறினால் அதை யாரும் 100 கொடுத்து வாங்க மாட்டார்கள். விலை 80-க்கு இறங்கினால், 80 போட்டவருக்கு 5 என்பது 6.25 சதவீதம். வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும் என்பது இவ்வளவுதான். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி, வட்டி குறைவாக இருந்தபோது நீண்டகாலப் பத்திரங்களை வாங்கிக் குவித்திருந்தது. வட்டி ஏறிய பிறகு, 2023 மார்ச் 8-ல் பத்திரங்களை நஷ்டத்துக்கு விற்றதாக அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை டெபாசிட்தாரர்கள் திரும்பக் கேட்டார்கள். 10-ம் தேதி இழுத்து மூடினார்கள். அந்த 80 கணக்கு தெரியாமல் இருந்திருந்தால், அரசு உத்தரவாதம் உள்ள பத்திரங்களை வைத்திருந்த வங்கி எப்படி விழும் என்று விழித்துக்கொண்டு இருந்திருப்பேன்.